பங்கு பிரிக்கிற விருந்து: உட்கியாக்விக் ஊர்ச் சமையலறைக்கு உதவிக்குப் போகிறவர்களுக்கான வழிகாட்டி

அலாஸ்காவின் வடகோடியில், ஆர்க்டிக் கடலோரம் இருக்கிறது உட்கியாக்விக். பழைய வரைபடங்களில் பேரோ என்று இருக்கும். நவம்பர் நான்காம் வியாழன் வரும் தேங்ஸ்கிவிங்குக்கும், அப்புறம் கிறிஸ்துமஸுக்கும் ஊர்க்காரர்கள் தேவாலயங்களில் கூடி, தங்கள் வேட்டை உணவைப் பகிர்ந்துகொள்வார்கள். ஆசிரியர், நர்ஸ், பொறியாளர் என்று வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களையும் "வந்து கை கொடுங்கள்" என்று கூப்பிடுவார்கள். இது அப்படிக் கூப்பிடப்பட்டவர்களுக்காக எழுதியது.

அந்தச் சமையலறையில் சில விருந்துகளுக்கு நின்றதில், புதியவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பது பிடிபட்டிருக்கிறது. பெரும்பாலான சறுக்கலுக்கு ஒரே காரணம்தான்: இதைக் கல்யாணப் பந்தி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். பந்தியில் இலையில் வைத்தது இலையோடு முடியும். இங்கே பரிமாறுவதில் பெரும்பங்கு வீட்டுக்குப் போகும், அதுவும் உறைந்தபடியே. ஆகவே ஒவ்வொரு வேலையையும் பின்னாலிருந்து யோசிக்க வேண்டும். கையில் இருக்கும் துண்டு இன்றிரவு ஒரு வீட்டு ஃப்ரீசருக்குள் போகும்போது எந்த நிலையில் இருக்க வேண்டும்? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் வரிசை தானாகவே புரியும்.

1. யாருடைய உணவு என்று முதலில் கேளுங்கள்

திமிங்கல வேட்டைக் குழுவின் தலைவரை, ஊர்ப் பழங்குடி மக்களின் மொழியான இன்யூப்பியாக்கில் உமியாலிக் என்பார்கள். போஹெட் திமிங்கலத்தைக் கரையேற்றிப் பங்கு பிரிக்கும்போதே, வால் பக்கத்துப் பெரும்பகுதியை விருந்துகளுக்கென்று தனியே ஒதுக்கிவிடுவார்கள். அதை எடுத்து வைப்பதும், எதை எப்போது வெளியே எடுப்பது என்று தீர்மானிப்பதும் உமியாலிக்கும் அவர் மனைவியும். சமையலறைக்குள் வந்துவிட்டால் மனைவி சொல்வதுதான் சட்டம்.

எனவே முதல் வேலை அவரிடமோ அவர் கைகாட்டும் மூத்த பெண்ணிடமோ போய், "எனக்கு என்ன வேலை?" என்று கேட்பது. புதியவர்கள் முதலில் அட்டவணை போடத் தொடங்குவார்கள். ஒருவர் மடிக்கணினியோடு வந்து, யார் என்ன கொண்டுவருகிறார்கள் என்று கட்டம் கட்டினார். எந்தக் குழுவிடம் என்ன இருக்கிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவரைத் தவிர.

கடையில் வாங்கிச் சமாளிக்கலாம் என்ற நினைப்பும் வேண்டாம். 1972-இல் வந்த கடல் பாலூட்டிப் பாதுகாப்புச் சட்டப்படி, இந்த விலங்குகளை உணவுக்காக வேட்டையாடும் உரிமை கடலோரத்தில் வாழும் அலாஸ்கா பழங்குடியினருக்கு உண்டு. போஹெட் திமிங்கலத்துக்குச் சர்வதேசத் திமிங்கல ஆணையத்தின் ஒதுக்கீடு வேறு இருக்கிறது. அதை 11 ஊர்களுக்குப் பிரித்துத் தருவது 1977-இல் தொடங்கிய அலாஸ்கா எஸ்கிமோ திமிங்கல ஆணையம். மக்தக், அதாவது கொழுப்போடு சேர்ந்த திமிங்கலத் தோல், தீர்ந்துவிட்டதென்றால் தீர்ந்துவிட்டது. இருப்பதைப் பங்கு போடுவதுதான் வேலை.

2. இடம் எது என்பதைப் பொறுத்துப் பட்டியல் மாறும்

தேவாலயத்திலோ ஊர் மண்டபத்திலோ வீடுகளிலிருந்து வரும் உணவை மக்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வது ஒரு வகை. பள்ளி, மருத்துவமனை, முதியோர் இல்லம் போன்ற இடங்களின் சமையலறையில் நன்கொடையாக வந்த வேட்டை உணவைச் சமைத்துப் போடுவது வேறு வகை. இரண்டாவதற்கு அலாஸ்கா மாநில உணவு விதிகள் பொருந்தும்.

காரிபூ மான், மீன், பறவை, பெர்ரிப் பழம் போன்றவற்றை அங்கே நன்கொடையாக ஏற்கலாம். நரி, கரடி, வால்ரஸ் (தந்தமுள்ள கடல் விலங்கு) இறைச்சி, சீல் (கடல்நாய்) எண்ணெய், திமிங்கல எண்ணெய், புளிக்கவைத்த இறைச்சி, வீட்டில் டப்பாவில் அடைத்தவை, காற்று உறிஞ்சிப் பொதிந்தவை ஆகியவற்றை ஏற்க முடியாது. கோட்செபூ ஊரின் முதியோர் இல்லம் ஆண்டுக்கணக்கில் முயன்று, எண்ணெயைச் சூடாக்கிப் பாதுகாப்பாக்கும் முறை ஒன்றுக்கு 2021-இல் அனுமதி வாங்கியது. அதன் பிறகுதான் அங்கிருக்கும் பெரியவர்களுக்குச் சீல் எண்ணெய் பரிமாற முடிந்தது.

இதை விருந்துக்கு முதல் நாள் தெரிந்துகொண்டால் பயனில்லை. சீல் எண்ணெய் இல்லாத குவாக் (உறைந்தபடி உண்ணும் பச்சை இறைச்சி அல்லது மீன்) என்பது அங்குள்ள ஒரு பாட்டிக்கு ஊறுகாய் இல்லாத தயிர்சாதம் மாதிரி. "ஏன் இல்லை?" என்று கேட்பார். பதில் சொல்ல ஆள் வேண்டும்.

3. ஒரு மாதம் முன்பு: இருப்பைப் பாருங்கள், கடைச் சாமானுக்குச் சொல்லுங்கள்

மேசைக்கு வருவதெல்லாம் வெவ்வேறு பருவத்தில் சேர்ந்தவை. திமிங்கலம் ஏப்ரல், மே மாதங்களிலோ அக்டோபரிலோ பிடித்தது. நிக்லிக் என்னும் பெருவாத்து (கூஸ்) மே மாத வேட்டை. அக்பிக் என்ற ஆரஞ்சு நிறப் பெர்ரி கோடையின் இறுதியில் பறித்தது. வெள்ளைமீன் இலையுதிர் காலத்தில், ஆற்றில் பனி கட்டும் சமயத்தில் வலையில் விழுந்தது. இவை சிக்லுவாக்கில், அதாவது நிலத்தடியில் எப்போதும் உறைந்திருக்கும் மண்ணைத் தோண்டிச் செய்த நிலவறையில், அல்லது வீட்டு ஃப்ரீசர்களில் இருக்கும். சில சிக்லுவாக்குகளில் இப்போது தண்ணீர் கசிகிறது. "போன வருஷம் அங்கே இருந்ததே" என்று நம்பி இருக்காமல், போய் எட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

எழுதும்போது "இறைச்சி, மீன், இனிப்பு" என்று பிரிக்காதீர்கள். எந்த நிலையில் பரிமாறப்படும் என்று பிரியுங்கள்: உறைந்தபடி உண்பவை, கொதிக்கவைப்பவை, புளித்தவை, பொரிப்பவை. சமையலறையில் இடமும் நேரமும் அந்தப் பிரிவின்படிதான் தேவைப்படும்.

மைதா, அரிசி, வெங்காயம், உருளைக்கிழங்கு, டீ, காபி, ஆரஞ்சுப்பழம் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊருக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது. கோடையில் கப்பல், மற்ற மாதங்களில் விமானம். காற்று அடித்தால் அதுவும் நிற்கும்.

4. நீங்கள் தொடக்கூடாத உணவுகள்

மிகிகாக் என்று ஒன்று உண்டு. திமிங்கல இறைச்சி, கொழுப்பு, நாக்கு ஆகியவற்றை அதன் இரத்தத்திலேயே புளிக்கவைப்பது. நன்றாக வந்த மிகிகாக் கருஞ்சிவப்பாகப் பளபளக்கும், புளிப்போடு இலேசாக இனிக்கும். இதைச் செய்ய நீங்கள் முன்வராதீர்கள். கற்றுக்கொள்ள ஆசையிருந்தால் ஒரு பருவம் முழுக்கப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

செய்பவர்கள் குளிர்ந்த இடத்தில், மூச்சு விடும் மூடியோடு வாளியை வைத்து, தினமும் சில தடவை கிளறிவிடுவார்கள். கிளறுவது காற்றுப் படுவதற்காக. காற்றுப் புகாத டப்பாவில் மூடி, வெதுவெதுப்பான இடத்தில் விட்டால் பொட்டுலிசம் கிருமி பெருகி நஞ்சை உண்டாக்கும். பிளாஸ்டிக் வாளியும் இறுக்கமான மூடியும் புழக்கத்துக்கு வந்த பிறகு இந்த ஆபத்து கூடியது. சீல் எண்ணெய்க்கும் இதே கதைதான்.

இந்த நஞ்சுக்கு மணமோ சுவையோ கிடையாது. உறையவைத்தாலும் போகாது. சாப்பிட்டவருக்குப் பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, இமை தொங்கினாலோ, வாய் வறண்டு விழுங்கச் சிரமப்பட்டாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நச்சுமுறி மருந்து எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.

உதவியாளராக உங்கள் வேலை இரண்டு. மிகிகாக் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரியாமல் பரிமாறாதீர்கள். அடுத்து, அதை ஹாலின் சூட்டில் மணிக்கணக்கில் வைக்காதீர்கள்.

வால்ரஸ் இறைச்சி வந்தால் அது கொதிக்கும் பானைக்கு மட்டுமே. அதில் இருக்கக்கூடிய டிரிக்கினெல்லா புழுவின் ஆர்க்டிக் வகை உறைபனியிலும் சாகாது. "ஆறு மாசம் ஃப்ரீசரில் இருந்ததுதானே" என்பது இங்கே செல்லாது.

5. குளிரைக் காப்பது: விருந்து நாள் காலை

எந்த வெளியூர்க்காரருக்கும் முதலில் தோன்றுவது, பனி கட்டிய பெட்டியை உள்ளே கொண்டுவந்து அடுப்புப் பக்கம் வைப்பதுதான். இங்கே அது தப்பு.

குவாக் என்றால் உறைந்தபடியே, பச்சையாக உண்ணும் மீன் அல்லது இறைச்சி. வாயில் வைத்ததும் கரகரவென்று உடைந்து, நாக்கின் சூட்டில் இளக வேண்டும். இளகிய குவாக் வெறும் பச்சை இறைச்சிதான், அதை யாரும் விரும்பமாட்டார்கள். ஒருமுறை இளகியதைத் திரும்ப உறையவைத்தால் நீர் விட்டுக் கொழகொழவென்று ஆகிவிடும். வீட்டுக்குப் போகிற பங்குதான் கெடும்.

ஆகவே குவாக், மக்தக் பெட்டிகள் கனிச்சாக்கில் இருக்கட்டும். கனிச்சாக் என்பது வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் குளிரறை. எல்லாக் கட்டடத்திலும் ஒன்று உண்டு. வெட்டுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை மட்டும் உள்ளே எடுங்கள், அடுத்த பெட்டியை அது முடிந்த பிறகு எடுங்கள்.

வெளியே பனியில் வைத்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். காவலுக்கு ஆள் இல்லாமல் வைக்காதீர்கள். நாய், நரி போதாதென்று இலையுதிர் காலத்திலிருந்து பனிக்கரடிகளும் ஊர்ப் பக்கம் வரும். நவம்பர் 18 வாக்கில் மறைந்த சூரியன் ஜனவரி 22 வாக்கில்தான் திரும்ப எழும். நண்பகலில் ஒரு நீல வெளிச்சம் வந்து போகும், அவ்வளவுதான். பெட்டிப் பக்கம் என்ன நிற்கிறதென்று கண்ணுக்குத் தெரியாது.

சூப்புக்கான காரிபூ இறைச்சிக்கு மட்டும் வேறு கணக்கு. அது இளக வேண்டும். ஆனால் மெதுவாக, இரண்டு நாள் முன்பே, குளிர்ச்சியான இடத்தில். அடுப்படியில் வைத்தால் வெளிப்புறம் வெந்நீர் பட்டது மாதிரி வெளுக்கும், உள்ளே எலும்போரம் பனிக்கட்டியாகவே இருக்கும்.

6. மக்தக் வெட்டுவது

மக்தக் என்பது போஹெட் திமிங்கலத்தின் தோலும் அதோடு ஒட்டிய கொழுப்பும். மேலே கன்னங்கரேலென்று, ஏறத்தாழ ஒரு விரல் கனத்துக்குத் தோல். கீழே வெள்ளையில் இளஞ்சிவப்பு ஓடிய கொழுப்பு. தோல் பழைய டயர் மாதிரி இருக்கும் என்று பயந்து வருபவர்கள், மெல்லும்போது தேங்காய்ப் பத்தையின் ஞாபகம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வெட்டுவது உலுவில். பிறை வடிவ அலகு, அதன் முதுகின் நடுவில் கைப்பிடி. அரிவாள்மணையில் கத்தி நிற்கும், காய் நகரும். உலுவில் காய் நிற்கும், அலகு ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் சாயும். அழுத்தம் கைப்பிடிக்கு நேர் கீழே விழுவதால் உறைந்த கொழுப்பையும் மணிக்கட்டு நோகாமல் வெட்டலாம். புதியவர்கள் அதைச் சாதாரணக் கத்தி மாதிரி இழுப்பார்கள். அலகு வழுக்கிக்கொண்டு இடது கை விரலுக்கு வரும்.

சரி, எப்போது வெட்டுவது? கல்லாக உறைந்திருக்கும்போது வேண்டாம், அலகு ஏறாது, தெறிக்கும். முழுக்க இளகியும் வேண்டாம். கொழுப்பு கையெல்லாம் எண்ணெயாகி, தோல் ரப்பர் மாதிரி நழுவும். பெட்டியிலிருந்து எடுத்த கட்டியின் ஓரத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் தடம் பதிக்க வேண்டும், ஆனால் உள்ளே இறங்கக்கூடாது. அந்த நிலை சமையலறைச் சூட்டில் அதிக நேரம் நிற்காது. அதனால்தான் ஒரு சமயத்தில் ஒரு கட்டி.

பலகைக்கு அடியில் ஈரத்துணி போட்டுக்கொள்ளுங்கள். என் கைக்கு, கொழுப்பு மேலேயும் தோல் கீழேயும் இருக்கும்படி வைத்து மேலிருந்து இறங்குவது எளிது. பக்கத்தில் நின்ற ஆனா (பாட்டிக்கு இன்யூப்பியாக்கில் ஆனா என்று பெயர், நம் காதுக்கு ஏதோ மறுப்புச் சொல்ல வருகிறார் போலிருக்கும்) தோலை மேலே வைத்து என்னைவிட மூன்று மடங்கு வேகத்தில் வெட்டிக்கொண்டிருந்தார். "ஆனா, எது சரி?" என்று கேட்டேன். என் பலகையைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். "உன் விரல் இருக்கிறதே, அப்ப சரிதான்" என்றார்.

இரண்டு அளவில் வெட்டுங்கள். அங்கேயே வாயில் போட்டுக்கொள்ளச் சின்னத் துண்டுகள் கொஞ்சம், வீட்டுக்குக் கொடுக்க உள்ளங்கை அளவுக் கட்டிகள் நிறைய. எல்லாவற்றையும் அழகாகப் பொடிப்பொடியாக நறுக்குவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. பொடித்துண்டு சீக்கிரம் இளகும், ஃப்ரீசரில் சீக்கிரம் காய்ந்தும் போகும். கட்டியாகக் கொடுத்தால் வீட்டில் வேண்டும்போது வெட்டிக்கொள்வார்கள்.

தொட்டுக்கொள்ள உப்பு போதும். சோயா சாஸும் மேசையில் இருக்கட்டும், பிள்ளைகள் கேட்பார்கள்.

7. சூப்

சூடாகச் சாப்பிடுவதில் முக்கியமானது இதுதான். காரிபூ சூப் அல்லது வாத்து சூப், பெரிய அண்டாக்களில்.

இறைச்சியை எலும்போடு குளிர்ந்த தண்ணீரில் போட்டுச் சூடேற்றுங்கள். மேலே வரும் நுரையை எடுத்துவிட்டு, தீயைக் குறைத்து வேகவிடுங்கள். இறைச்சி வெந்த பிறகு வெங்காயம், கிழங்கு, காரட். அரிசியோ மக்ரோனியோ கடைசியில்தான். இந்த வரிசையைத் தவறவிட்டால் திருத்த முடியாது. அரிசி முன்பே விழுந்தால் பரிமாறும் நேரத்துக்குள் தண்ணீரையெல்லாம் குடித்து அண்டா முழுக்கக் கஞ்சியாகிவிடும், அடியும் பிடிக்கும்.

உப்பைக் குறைத்துப் போடுங்கள். மிளகாய்த்தூளை எடுக்கத் துடிக்கும் கையை அடக்கிக்கொள்ளுங்கள். காரிபூ மெலிந்த இறைச்சி, அதன் மணமே மெல்லியது. அங்கே வருபவர்கள் அந்த மணத்துக்காகத்தான் வருகிறார்கள். ஒரு முறை "கொஞ்சம் மசாலா" போட்ட அண்டா கடைசி வரை நிரம்பியே நின்றது. போட்டது யார் என்று சொல்லப்போவதில்லை.

வாத்தாக இருந்தால் இறகு பறித்து, மீதியைத் தீயில் பொசுக்கி, தோலோடு போடுவார்கள். தோலை உரித்து எறிந்துவிடாதீர்கள், கொழுப்பும் ருசியும் அதில்தான்.

8. அக்குதுக்

இதை எஸ்கிமோ ஐஸ்கிரீம் என்று எழுதுவார்கள், அதை நம்பி இனிப்பை எதிர்பார்க்காதீர்கள். காரிபூக் கொழுப்பை நுரைக்க அடித்து, உட்கியாக்விக் இருக்கும் வடசரிவுப் பகுதி ஊர்களில் வேகவைத்து உதிர்த்த இறைச்சியையும், வேறு இடங்களில் பெர்ரியையும் சேர்ப்பார்கள்.

முதல் நாளே செய்துவிடுங்கள், உறைய நேரம் வேண்டும். கெட்டிக் கொழுப்பைத் துருவியோ பொடியாக நறுக்கியோ மிதமான சூட்டில் இளக்குங்கள். விரலை விட்டால் இதமாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. சுட்டால் அது எண்ணெயாகவே நிற்கும், எவ்வளவு அடித்தாலும் காற்றைப் பிடிக்காது. அப்புறம் கையாலேயே வட்டமாக அடித்துக்கொண்டே சீல் எண்ணெயையும், தண்ணீர் அல்லது இறைச்சி வெந்த சாற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும்.

மிக்ஸர் இருக்கும்போது கை எதற்கு என்று கேட்பார்கள். கொழுப்பு எப்போது கெட்டியாகத் தொடங்குகிறது என்பதைக் கைதான் சொல்லும். இறுகினால் உள்ளங்கைச் சூடே அதை இளக்கும். மஞ்சளாக, கனமாக இருந்தது திடீரென்று வெளுத்து, பாத்திரத்தில் உப்பி எழும். அந்த மாற்றம் வரும் வரை நிறுத்தாதீர்கள். பாதியில் நின்று தேநீர் குடிக்கப் போனவர்களின் அக்குதுக் மெழுகுவர்த்திக்குத்தான் ஆகும்.

எண்ணெயை மொத்தமாகக் கொட்டினால் பிரிந்துவிடும். பெர்ரியைக் கடைசியில், அடிப்பதை நிறுத்திய பிறகு, கலந்துவிட்டால் போதும்.

9. பொரித்த ரொட்டியும் டோனட்டும்

இதில் சொல்ல அதிகமில்லை. ஈஸ்ட் மாவு, எண்ணெய், பொறுமை. வெளியூர்க்காரருக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கும் வேலை இது. தந்தால் மகிழ்ச்சியோடு செய்யுங்கள். நினைத்ததைவிட இரண்டு மடங்கு பிசையுங்கள், பிள்ளைகள் சமையலறை வாசலிலேயே பாதியைத் தீர்த்துவிடுவார்கள்.

10. பரிமாறும் வரிசை

ஜெபம் முடியும் வரை ஒன்றையும் தொடாதீர்கள். ஜெபமும் பெயர் அறிவிப்புகளும் நீளலாம். சூப்பை அந்த நேரத்துக்குள் கிண்ணங்களில் ஊற்றி வைத்தால் ஆறிப்போகும்.

முதலில் சூப், ரொட்டி, டீ. அவை அங்கேயே உண்பவை. உறைந்தவை அதற்குப் பிறகு. இந்த வரிசையில் போனால் குவாக்கும் மக்தக்கும் ஹாலின் சூட்டில் இருக்கும் நேரம் குறையும். திமிங்கல வேட்டை வெற்றியைக் கொண்டாட ஜூன் மாதம் வெட்டவெளியில் நடக்கும் நலுகதாக் விருந்திலும் பகலில் வாத்து சூப், பிற்பகலில் மிகிகாக், மாலையில் குவாக்கும் மக்தக்கும் என்றே போகும். கடைசியில் அக்குதுக், பழங்கள்.

மக்கள் வரிசையில் நிற்கமாட்டார்கள். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள், நீங்கள்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். முதலில் பெரியவர்கள். வழியில் ஒரு குழந்தை கை நீட்டினாலும் சிரித்துவிட்டு நேரே பெரியவரிடம் போங்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

இனிதான் முக்கியமான கட்டம். ஒவ்வொரு குடும்பத்தின் முன்னாலும் நின்று, "எத்தனை பேர்?" என்று கேளுங்கள். எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், பதில் "ஏழு" என்று வரும். இரவு வேலைக்குப் போன மகன், படுக்கையில் இருக்கும் ஆப்பா (தாத்தா), வீட்டில் தூங்கும் குழந்தைகள், எல்லோரும் அந்த ஏழில் உண்டு. ஏழு பேருக்கான பங்கைக் கொடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற தலையை எண்ணிக் கொடுப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. இன்னொன்று, மரியாதைக்கு ஒரு துண்டு வைத்துவிட்டு நகர்வது. எதிரே இருப்பவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் உமியாலிக்கின் மனைவி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். விருந்தில் கஞ்சத்தனம் தெரிந்தால் அந்தப் பேச்சு அவர் குழுவுக்குத்தான்.

அதற்காகத் தொடக்கத்திலேயே அள்ளிக் கொடுத்துவிட்டால் கடைசி வரிசைக்கு வெறும் பெட்டிதான் போகும். பரிமாறும் முன்பே ஹாலைப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு இத்தனை பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் கால் பங்கைத் தனியே மறைத்து வையுங்கள். தாமதமாக வருபவர்கள் எப்போதும் உண்டு.

11. விருந்தாளியாகப் போனால்

தட்டு, கிண்ணம், கோப்பை, கரண்டி, சின்னக் கத்தி, வெட்டுப்பலகை, உப்பு எல்லாம் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகளும் ஒரு ஐஸ் பெட்டியும் கட்டாயம். வெறும் கையோடு போய் உட்கார்ந்தால் பக்கத்துக் குடும்பம் பை கொடுத்து உதவும். ஆனால் ஒரு தடவைதான் அது அழகு.

பைகளை முன்பே மார்க்கரில் "மக்தக்", "மீன்" என்று எழுதி வையுங்கள். உறைந்த பிறகு எல்லாம் ஒரே மாதிரி தெரியும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ரொட்டி, பழம், டீ இருக்கும், பசியோடு திரும்பமாட்டீர்கள். உங்கள் பங்கு வரும்போது முகம் சுளிக்காமல், கையை ஆட்டாமல், இரண்டு கையாலும் வாங்கி, "குயானாக்" என்று சொல்லுங்கள். நன்றி என்று பொருள். பிறகு அதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கோ உடன் வேலை செய்பவருக்கோ கொடுத்துவிடலாம். வாங்கியதைக் கைமாற்றுவது அங்கே குறையாகாது. குப்பையில் போடுவதும் "இது என்ன நாற்றம்" என்று கேட்பதும்தான் குறை.

படம் எடுக்கும் முன் கேளுங்கள். திமிங்கல இறைச்சிப் படத்தை இணையத்தில் போட்டு, முகம் தெரியாதவர்களிடம் வசவு வாங்கிய குடும்பங்கள் அங்கே உண்டு. அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

ஊருக்கு ஒரு துண்டு எடுத்துப் போய்க் காட்டலாம் என்ற ஆசை வேண்டாம். கடல் பாலூட்டியின் எந்தப் பகுதியையும் உரிய அனுமதியில்லாமல் அமெரிக்காவுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது.

12. விருந்து முடிந்த பிறகு

வர முடியாதவர்களுக்கான பங்குகளை அன்றிரவே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முகவரிகள் உமியாலிக்கின் மனைவி வாயில் இருக்கும், காகிதத்தில் இருக்காது. கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கதவைத் திறக்கும் பெரியவர் அநேகமாக இரண்டு கேள்வி கேட்பார்: இது யாருடைய திமிங்கலம், நீ யார். முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் போய் நிற்காதீர்கள்.

வீட்டில் மக்தக்கும் குவாக்கும் நேராக ஃப்ரீசருக்கு. மிகிகாக்கை அன்றே கொஞ்சம் உண்டுவிட்டு மீதியை உறையவைத்துவிடுங்கள். மூடிய டப்பாவில் சமையலறை மேடையில் ஒரு இரவு விடுவது கூடாது. ஏன் என்று நான்காம் பகுதியில் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாகப் பாத்திரம். இந்தக் கொழுப்பைச் சுடுதண்ணீர் ஊற்றித் தொட்டியில் கழுவிவிடாதீர்கள். குழாய்க்குள் போனதும் குளிரில் இறுகி அடைத்துக்கொள்ளும், உறைந்த மண்ணில் குழாயைத் தோண்டி எடுப்பது லேசான வேலையில்லை. அண்டா, பலகை, உலு எல்லாவற்றையும் முதலில் அட்டையால் வழித்து, காகிதத்தால் துடைத்துக் குப்பைப் பையில் போட்டுவிட்டு, அப்புறம்தான் சோப்பு. உலுவைத் துடைத்து, யாருடையதோ அவர் கையிலேயே கொடுங்கள். மேசையில் வைத்துவிட்டு வந்தால், மறுநாள் காலை ஏழு மணிக்கு உங்களுக்குப் போன் வரும்.